எப்போ வரும், அக்கா?

சின்ன டீம்கள் கேம் செய்வது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரிலீஸ் தேதியில்தான் வந்து நிற்கின்றன. கேம் செய்பவர்கள் தேதியைச் சொல்லிவிட்டுத் தவிக்கிறார்கள். காத்திருப்பவர்கள் அதை நம்பிவிட்டுத் தவிக்கிறார்கள். அதனால் இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் மூன்று பேர். பெருங்குடியில் ஒரே ஃபிளாட்டில் தங்கி, ஆபீஸ் முடிந்து வந்தபிறகு கேம் செய்கிறோம். கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் பக்கம் போட்டாயிற்று. ஓர் உற்சாகத்தில் "பொங்கலுக்கு ரிலீஸ்" என்று டிரெய்லரிலேயே போட்டுவிட்டோம். இப்போது கணக்குப் பார்த்தால் ஏப்ரல்கூடச் சந்தேகம். பொங்கலுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது?
– வாசகர், பெருங்குடி

பதில்: தம்பி, இதைப் படித்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஏழு வாரம் கையில் இருப்பது நல்லது. வராது என்று உங்களுக்குத் தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தால், பின்னால் யாரும் அதைத் தாமதம் என்று சொல்லமாட்டார்கள். மறைத்துவிட்டார்கள் என்றுதான் சொல்வார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2019 ஜூனில் நம் ஊர் ஏரிகள் வற்றிப்போய், தெருத்தெருவாக லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைத்துக் காத்திருந்தோம் இல்லையா, அதை வைத்து ஒரு சின்னப் புதிர் கேம் செய்துகொண்டிருந்தேன். நான்கு பேர், நங்கநல்லூரில் ஒரு வீட்டு மாடி. 2022 ஆகஸ்டில் ஒரு கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் டெமோவைக் காட்டினோம். பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "எப்போ வரும்?" என்றது. "தீபாவளிக்கு" என்று சொல்லிவிட்டேன். கூட வேலை செய்யும் மூன்று பேரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறங்கி வந்தபோது எங்கள் புரோகிராமரின் முகம் வாடியிருந்தது. இன்றைக்கும் அது மனதில் இருக்கிறது.

அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 24. கேம் அதற்குள் முதலிலிருந்து முடிவுவரை ஓடியது. மிச்சம் இருந்ததெல்லாம் சில்லறை வேலை என்று நினைத்தோம். அதில் ஒன்று தமிழ் எழுத்து. நாங்கள் யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்தோம். அதில் எழுத்துக்கு எல்லோரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோ ஆங்கிலத்தை அழகாகக் காட்டும், தமிழில் கொம்பு வந்தால் திணறும். 'தெ' என்ற எழுத்து கணினிக்குள் 'த' முதலில், கொம்பு அடுத்து என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்கவேண்டும். அந்த வேலை அங்கே நடக்கவில்லை. 'லாரி' ஒழுங்காக வந்தது, 'தெரு' உடைந்து வந்தது, ககரமும் உகரக் குறியும் ஒட்டாமல் 'குடம்' உடைந்து வந்தது. குடத்தைப் பற்றிய கேமில் குடம் என்ற சொல்லே சரியாக இல்லையென்றால் எப்படி விற்பது? சரிசெய்ய ஒன்பது வாரம் ஆனது. (தமிழில் கேம் செய்யப்போகிறவர்கள் இதை முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள். 2023-இல் வந்த கோடோ 4 என்ற கேம் செய்யும் மென்பொருளில் இந்த எழுத்து மாற்றிவைக்கும் வேலை உள்ளேயே இருக்கிறது.)

தீபாவளி போயிற்று. நான் செய்த அடுத்த தப்பு, உடனே "பொங்கலுக்கு" என்று இன்னொரு தேதியைச் சொன்னது. அதுவும் போயிற்று. கேம் கடைசியில் வந்தது 2023 ஜூனில்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் எனக்கு எழுதிக்கொண்டிருந்தான். தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்த பணத்தில் 200 ரூபாயை எங்கள் கேமுக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னான். பொங்கல் கழிந்ததும் மறுபடி எழுதினான்: "அக்கா, நல்லா இருக்கீங்களா? கேம் வரலன்னாலும் பரவாயில்ல. பதில் போடுங்க." எனக்கு வெட்கமாக இருந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு மாதம் பதிலே போடவில்லை. கேம் எட்டு மாதம் தள்ளிப்போனதுகூட எனக்கு இப்போது பெரிதாக வலிக்கவில்லை. அந்த இரண்டு மாதம்தான் வலிக்கிறது. அவன் தேதி கேட்கவே இல்லை, பதில்தான் கேட்டான்.

அதனால் நீங்கள் எழுதும்போது இப்படி எழுதலாம்: "பொங்கலுக்கு எங்கள் கேம் வராது. ஐந்து கட்டங்களில் மூன்று முடிந்துவிட்டன. நான்காவது கட்டத்தில் சேவ் செய்தது சில சமயம் அழிந்துபோகிறது. அதைச் சரிசெய்யாமல் உங்கள் கையில் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. புதுத் தேதி இப்போதைக்குச் சொல்லவில்லை. தை முடிவதற்குள் நிலைமை என்னவென்று இதே இடத்தில் எழுதுகிறோம்." இவ்வளவு போதும். நீளமான மன்னிப்பு வேண்டாம், ஆபீஸ் வேலைப்பளு பற்றியும் வேண்டாம். ஆனால் தை முடிவதற்குள் எழுதுவதாகச் சொன்னால், கட்டாயம் எழுதவேண்டும். ஒன்றுமே நகரவில்லை என்றாலும், நகரவில்லை என்று எழுதுங்கள். இனி உங்கள் மீது நம்பிக்கை வருவது அதில்தான்.

இன்னொன்று, ஸ்டீம் பக்கத்தில் தேதியை இப்போதே மாற்றிவிடுங்கள். ரிலீஸுக்கு இரண்டு வாரத்துக்குள் வந்துவிட்டால் நீங்களாக மாற்ற முடியாது, அவர்களுக்கு எழுதிக் கேட்கவேண்டும். டிரெய்லரில் இருக்கும் 'பொங்கல்' என்ற வார்த்தையையும் வெட்டி, புதிதாக ஏற்றுங்கள். பழைய டிரெய்லரைப் பார்த்துவிட்டுத் தை மாதத்தில் தேடி வருகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

கேள்வி: எந்தக் கட்டத்தில் தேதி சொன்னால் சரியாக இருக்கும், மேடம்? "கணக்குப் போட்டு, வருவதை இரண்டால் பெருக்கு" என்கிறார் எங்கள் சீனியர்.
– மாணவி, கிண்டி

பதில்: உங்கள் சீனியர் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. 1994-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு, சுமார் 49 என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமாகப் போகும் என்று யோசித்துச் சொன்ன கணக்குகூடப் பற்றவில்லை, பாருங்கள். நாம் கணக்குப் போடும்போது வேலையை மட்டும்தான் எண்ணுகிறோம். காய்ச்சலை எண்ணுவதில்லை, மழையை எண்ணுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் ஓவியர் பள்ளிக்கரணையில் இருந்தார். வீட்டைச் சுற்றித் தண்ணீர், கரண்ட் இல்லை. ஒரு வாரம் அவரால் ஒரு கோடு வரைய முடியவில்லை.

ஆனால் பெருக்குவதைவிட நான் நம்புவது என் அப்பாவின் வழியை. புரசைவாக்கத்தில் அப்பாவுக்குத் தையல் கடை. தீபாவளி நெருங்க நெருங்க, "எப்போ கிடைக்கும் மாஸ்டர்?" என்ற கேள்வி காலையிலிருந்து ராத்திரி வரை கேட்டுக்கொண்டே இருக்கும். துணியை வெட்டாமல் அப்பா பில் புத்தகத்தில் தேதி எழுதமாட்டார். அளவு எடுத்திருப்பார், துணியும் கையில் இருக்கும், இருந்தாலும் எழுதமாட்டார். மேஜையில் விரித்துக் கத்தரி வைத்தால்தான் கட்டம் போட்ட துணியில் கட்டம் சேருமா, லைனிங் தேவையா, துணி பற்றுமா என்பதெல்லாம் தெரியவரும். அப்புறம், தைப்பதற்கு ஒரு நாள் என்றால் காஜாவுக்கும் பட்டனுக்கும் தனியாக இரண்டு நாள் வைப்பார். காஜா போடுகிறவர் வேறு ஆள், எங்கள் தெருவில் ஐந்தாறு கடைக்கும் அவர் ஒருவர்தான். தைத்து முடித்த சட்டைகள் காஜாவுக்காகக் குவிந்து கிடப்பதைச் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேமிலும் காஜா வேலை உண்டு. ஸ்டீம்காரர்கள் உங்கள் பில்டை, அதாவது நீங்கள் ஏற்றிய கேமை, பார்த்து அனுமதி தரச் சில வேலை நாட்கள் ஆகும். மொழிபெயர்ப்பவர் அனுப்பித்தரவேண்டும். கன்ட்ரோலரில் ஓடுகிறதா, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய லேப்டாப்பில் ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். இவை நம் கையில் இல்லாத நாட்கள், இவற்றைத் தனியாக எண்ணுங்கள். இப்போது நான் வைத்திருக்கும் வழக்கம் இது: நமக்குத் தெரியாத பத்துப் பேர் கேமை முதலிலிருந்து கடைசிவரை விளையாடி முடிக்கவேண்டும். அவர்கள் சொன்ன குறைகளைப் பார்த்த பிறகுதான் தேதி. இரண்டாவது கேமுக்கு அப்படித்தான் செய்தேன், ரிலீஸுக்கு ஆறு வாரம் முன்புதான் தேதியைச் சொன்னேன். சொன்ன நாளில் வந்தது.

அப்பா தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்பு "ஆர்டர் முடிந்தது" என்று அட்டையில் எழுதித் தொங்கவிடுவார். பக்கத்து வீட்டு மாமியே வந்தாலும் வாங்கமாட்டார். நீங்களும் அப்படி ஒரு நாள் குறித்து, அதற்குப் பிறகு யாருக்கு என்ன புது ஐடியா வந்தாலும் அடுத்த கேமுக்கு என்று எழுதி வைத்துவிடுங்கள். தாமதத்தில் பெரும்பங்கு கடைசி நேரத்து ஐடியாக்களால் வருகிறது.

கேள்வி: சில்க்சாங் என்ற கேமைச் செய்தவர்கள் வருஷக்கணக்கில் வாயே திறக்கவில்லை. கடைசியில் சூப்பர் ஹிட். நாமும் பேசாமல் இருந்துவிட்டால் என்ன?
– வாசகர், கொளத்தூர்

பதில்: முழுக்கதையையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி அந்த கேமை அறிவித்தது 2019 பிப்ரவரியில். 2022 ஜூனில் நடந்த எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில், காட்டப்பட்ட கேம்கள் எல்லாம் அடுத்த 12 மாதத்தில் கைக்கு வரும் என்று சொன்னார்கள், சில்க்சாங்கும் அதில் இருந்தது. வரவில்லை. 2023 மே மாதம் தள்ளிப்போகிறது என்று ஓர் அறிவிப்பு. அதன்பிறகு நீண்ட மௌனம். 2025 ஆகஸ்ட் 21-இல்தான் தேதி சொன்னார்கள்: செப்டம்பர் 4. சரியாக இரண்டு வாரம். கேம் வெளியான அன்றைக்கு வந்த கூட்டத்தில் ஸ்டீம் கடையே திணறியது.

அவர்களால் அது முடிந்தது, ஏனென்றால் முந்தைய கேமான ஹாலோ நைட் ஒன்றரைக் கோடிப் பிரதிகள் விற்றிருந்தது. கையில் பணம் இருந்தது, காத்திருக்க உலகம் முழுக்க ஆள் இருந்தார்கள். நம்மைப்போல முதல் கேம் செய்கிறவர்கள் ஆறு மாதம் பேசாமல் இருந்தால், பிறகு வாங்கலாம் என்று விஷ்லிஸ்ட்டில் போட்டவர்களுக்கே நம் பெயர் மறந்துபோகும். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது மௌனத்தை அல்ல. முடிந்த பிறகு தேதி சொன்னார்கள் பாருங்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்டியூ வேலியைத் தனி ஆளாகச் செய்த எரிக் பரோன் 2021 அக்டோபரில் தன் அடுத்த கேமைத் தேதி சொல்லாமல்தான் அறிவித்தார். முதல் கேமுக்கே அவருக்கு நாலரை வருஷம் ஆனது. ஒரு வேலை எவ்வளவு காலம் இழுக்கும் என்று பட்டறிந்தவர் அவர்.

ஒன்றையும் மறக்கவேண்டாம். சில்க்சாங் தேதி வந்ததும், அதே சமயத்தில் வெளியாக இருந்த பல சின்ன கேம்கள் தங்கள் தேதியை அவசரமாக மாற்றவேண்டியதாயிற்று. பெரியவர்கள் கடைசி நேரத்தில் பேசினால் அதன் செலவைச் சின்னவர்கள் கட்டுகிறார்கள்.

கேள்வி: பிளஸ் டூ பரீட்சை சமயத்தில் ரிலீஸ் செய்யலாமா?
– வாசகர், ஆவடி

பதில்: உங்கள் கேமை விளையாடப்போகிறவர்கள் நம் ஊர்ப் பள்ளிப்பிள்ளைகள் என்றால் மார்ச் வேண்டாம். பிள்ளைகளுக்கும் கெடுதல், உங்களுக்கும் விற்காது. மே மாதம் வையுங்கள்.

கேள்வி: தேதி இருக்கட்டும். "மல்டிபிளேயர் வருமா?", "மொபைலில் வருமா?" என்று கேட்கிறார்கள். "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். தப்பா?
– இருவர் டீம், வேளச்சேரி

பதில்: நீங்கள் "பார்க்கலாம்" என்கிறீர்கள், அவர்கள் காதில் "வரும்" என்று விழுகிறது. கேட்கிறவர்களின் ஆசை அப்படி. இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் இருக்கும் ஹலோ கேம்ஸுக்கு நடந்தது இதுதான். அவர்களுடைய நோ மேன்ஸ் ஸ்கை கேம் 2016 ஆகஸ்டில் வருவதற்கு முன், ஒருவரை ஒருவர் சந்திக்க முடியுமா என்று கேட்டபோதெல்லாம், வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் முடியும் என்ற தொனியில் அந்த டீமின் தலைவர் ஷான் முர்ரே பதில் சொல்லிவந்தார். கேம் வந்த முதல் நாட்களிலேயே இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. அதன்பிறகு எழுந்த கோபம் சாதாரணமானது இல்லை. அதற்கு முன்பே, ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குத் தள்ளியதற்கே அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்திருந்தன. எந்தக் கேமுக்காகவும் யாரும் யாருக்கும் அப்படி எழுதக்கூடாது.

அந்த டீம் ஓடிப்போகவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். உண்மையான மல்டிபிளேயர் 2018 ஜூலையில் இலவச அப்டேட்டாக வந்தது. அதற்குப் பிறகும் வருஷா வருஷம் இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இழந்த பெயரைத் திரும்பச் சம்பாதிக்க முடியும் என்பதற்கு அவர்கள்தான் சாட்சி. ஆனால் எத்தனை வருஷம் ஆனது பாருங்கள்! மல்டிபிளேயர் இப்போது இல்லையென்றால் "இல்லை" என்றே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் வருத்தத்தோடு போய்விடும்.

கேள்வி: எர்லி ஆக்சஸில், அதாவது முடியும் முன்பே விற்கும் முறையில், 450 ரூபாய் கொடுத்து ஒரு கேம் வாங்கினேன். ஒரு வருஷமாக அரைகுறையாகவே இருக்கிறது. "எப்போ முடியும்?" என்று கேட்டால் மற்ற ரசிகர்கள் என்னைத் திட்டுகிறார்கள். கேட்பது தப்பா?
– வாசகர், வண்ணாரப்பேட்டை

பதில்: கேட்பது உங்கள் உரிமை, தம்பி. 450 ரூபாய் சும்மா வருவதில்லை. மரியாதையாகக் கேளுங்கள், ஒரு முறை கேளுங்கள், பதிலுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். ஆனால் வாங்கும்போது நீங்கள் எதற்குப் பணம் கொடுத்தீர்கள் என்பதும் முக்கியம். எதிர்காலத்தில் இது வரும், அது வரும் என்று குறிப்பாக வாக்குக் கொடுக்காதீர்கள் என்று ஸ்டீமே டெவலப்பர்களிடம் சொல்கிறது. இன்றைக்கு இருக்கிற நிலையில் அந்த விலைக்குத் தகுமா என்று பார்த்து வாங்கவேண்டியதுதான் எர்லி ஆக்சஸ். தகவில்லை என்று தோன்றினால் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. அடுத்த முறை கடைசி அப்டேட் எந்தத் தேதியில் வந்தது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். டெவலப்பர் சொல்லும் திட்டத்தைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

கேள்வி: என் மகன் நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து கேம் செய்கிறான். ஒரு வருஷத்தில் முடிந்துவிடும் என்றான். மூன்றாவது வருஷம் நடக்கிறது. சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை. அவனைக் கேட்டால் கோபம் வருகிறது. நான் என்ன செய்யவேண்டும்?
– ஒரு தாய், அம்பத்தூர்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை எங்கள் டீம் முழுக்க உட்கார்ந்து படித்தோம். எங்கள் நான்கு பேர் வீட்டிலும் யாரோ ஒருவர் இதையே கேட்டிருக்கிறார்கள்.

மகனிடம் தேதி கேட்காதீர்கள். அது அவருக்கே தெரியாது, தெரியாததைக் கேட்பதால்தான் கோபம் வருகிறது. அதற்குப் பதிலாக, "இந்த மாசம் என்ன செஞ்சே, எனக்குக் காட்டு" என்று கேளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு அப்புறம், அரை மணி நேரம். உங்கள் கையில் மவுஸைக் கொடுக்கச் சொல்லுங்கள். போன மாதம் திறக்காத கதவு இந்த மாதம் திறக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். மூன்று மாதம் தொடர்ந்து எதுவுமே மாறவில்லை என்றால், அப்போது காசு பற்றியும் வேலை பற்றியும் நேராகப் பேசுங்கள். பகுதி நேரமாக ஏதாவது பார்க்கச் சொல்வதில் ஒரு குறையும் இல்லை, எங்களில் இருவர் இன்னும் அப்படித்தான் இருக்கிறோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஒன்று செய்யுங்கள். வெண்பா என்று ஒரு கேம் இருக்கிறது. கனடாவின் டொரோண்டோவில் ஒரு சின்ன டீம் செய்தது, 2023 ஜூலை 31-இல் வந்தது, அடுத்த வருஷம் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ் அம்மாவும் அவர் மகனும்தான் கதை. பாட்டி எழுதிவைத்த, பாதி அழிந்துபோன சமையல் குறிப்பிலிருந்து இட்லி, புட்டு என்று செய்யவேண்டும். ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடும். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்கள் விளையாடுங்கள். புட்டுக் குழலில் எது முதலில் போவது என்று அவருக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்லித்தரவேண்டியிருக்கும்.